துடைக்க ஒரு சட்டை

என்னங்க,

முழங்கால் வலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

இங்க வாங்கின பழைய பைக்குக்கு நானே ஆயில் மாத்தினேன், சிரிக்காதீங்க. புது ஃபில்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணினா தரையெல்லாம் ஆயில்! கழட்டிப் பாத்தா, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டிருக்கு. அதை எடுத்ததும் சரியாயிடுச்சு.

பழைய ஃபில்டரைச் சும்மா விடுவேனா? அறுத்தே பாத்தேன். உள்ள விசிறி மடிப்பா வெறும் காகிதம்! இவ்வளவு ஆயில்ல ஊறியும் அது எப்படிங்க கிழியல?

நீங்க ஒர்க்‌ஷாப்ல வேலை முடிஞ்சு வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுச் சண்டை போடுவேனே, இப்ப என் கையெல்லாம் அதே வாசம்.

வண்டி துடைக்கத் துணி இல்ல. உங்க வேலைச் சட்டை ஒண்ணு அனுப்புங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு, ஓடுறேன்.

சட்டையைத் துவைச்சிடாதீங்க.