மூன்றாவது அலசல்

ஜூன் 3, செவ்வாய்

நான்காம் தொகுதி எண்ணெய் தயார். உணவகங்களில் பொரித்து முடித்துக் கொட்ட வைத்திருந்தது. வடிகட்டி, மெத்தனாலும் காரமும் சேர்த்து, அடியில் இறங்கும் கிளிசரினை எடுத்துவிட்டு, தண்ணீரில் அலசி, உலர்த்தினால் டீசலுக்குப் பதில் ஊற்றலாம். சொல்ல இரண்டு வரி. செய்ய ஒன்பது நாள்.

விதிப்படி மூன்று முறை அலச வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் சோப்பு தங்கும், போகிற இடத்தில் அடைக்கும். இன்று இரண்டு முறைதான் அலசினேன். டேங்கர் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பதிவேட்டில் மூன்று கட்டம். மூன்றிலும் டிக் போட்டேன்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

ஜூன் 5, வியாழன்

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் நிலக்கரியிலிருந்து டீசல் செய்கிறார்கள். அங்கே வேலை செய்பவன் என்னோடு படித்தவன். பெயர் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அவன் 'கரி'தான். இன்று ஒரு புட்டியோடு வந்தான். தண்ணீர் போல் நிறமற்ற திரவம்.

"பாத்தியா? குடிச்சிடலாம் போல இருக்குல்ல? உன்னோடது இருமல் மருந்து கலர்."

"உன்னோடது ரோட்டுல புகையே விடாதுதான். மொத்தத்தையும் ஆலையிலேயே விட்டாச்சே."

சிரித்தான். மறுக்கவில்லை. பிறகு சொன்னான்: "ஊரே மூணு வேளையும் பொரிச்சுத் தின்னாலும் உன் எண்ணெய் நாலு பஸ் டிப்போவத் தாண்டாது."

நானும் மறுக்கவில்லை. செப்டம்பரில் எரிபொருள் தேர்வுக் குழு கூடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இருவர் விண்ணப்பத்திலும் ஒரே வாக்கியம்: 'பெட்ரோலியத்துக்கு முழு மாற்று.' அந்த 'முழு'வை இருவருமே நம்பவில்லை. இருவருமே அடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் பதினான்காம் எண் பேருந்தில் என் எண்ணெய். ஓட்டுவது அக்கா. டிப்போவில் வேறு யாரும் முன்வரவில்லையாம். பதினேழு வருடப் பழைய வண்டி.

"என் தங்கச்சி காய்ச்சினத நான் ஓட்டாம வேற எவன் ஓட்டுவான்?" என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நல்லா இழுக்குதுடி. பின்னாடி பைக்ல வர்றவனுக்கெல்லாம் பசி எடுக்குதாம்."

ஜூன் 12, வியாழன்

ஓடுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

நின்றுவிட்டது.

காலை எட்டு இருபது. மேம்பாலத்து ஏற்றம். மழை. உள்ளே நாற்பது பேர். என்ஜின் இரண்டு முறை திணறி அணைந்து, வண்டி பின்னால் உருண்டிருக்கிறது — ஓர் ஆள் நீளம். அக்கா பிரேக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி உடைந்தது. வேறு அடி இல்லை. பின்னால் இரு சக்கர வண்டி எதுவும் நிற்கவில்லை. நின்றிருந்தால்?

எரிபொருள் ஃபில்டர் அடைத்திருந்ததாம்; எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காமல் ஓட்டினாள் என்கிறார் மேலாளர். விசாரணை முடியும்வரை அவள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

தொலைபேசியில் கேட்டாள்: "ஏண்டி, எண்ணெய்ல ஏதாவது...?"

"இல்லக்கா."

உடனே சொன்னேன். மூச்சு விடுவதற்குள்.

ஜூன் 18, புதன்

இரண்டு. மூன்று இல்லை. இரண்டு.

ஜூன் 19, வியாழன்

டிப்போவுக்குப் போனேன். அக்காவை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் வண்டி எண், வெளியே போகும் வண்டி எண் — எழுத வேண்டும். பன்னிரண்டு வருடம் ஓட்டியவள்.

"போறவன் வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சு சலாம் வைக்கிறான். நக்கலாம்" என்றாள். பிறகு, "விளக்கு எரியலடி. சத்தியமா எரியல. அப்பவே சீட்டு எழுதிக் குடுத்தேன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

சொல்லிவிட்டேன். ரெண்டு தடவைதான் அலசினேன்.

ஒரு வண்டி வந்தது. எண்ணை எழுதினாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"மூணுன்னு எழுதினியா?"

"ம்."

"அத உன் மேடம்கிட்ட போய்ச் சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு எண்ணெயப் பத்தி என்ன தெரியும்?"

திட்டுவாள் என்றிருந்தேன். திட்டியிருக்கலாம். கிளம்பும்போது, "சாப்ட்டியா?" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் கூடத்தை நடத்தும் மேடத்திடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்தியதும் முதல் வாக்கியமாக. இரண்டாவதாக வைத்தால் வராது என்று தெரியும்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"வண்டி ஓட்டினவங்களுக்கு. என் அக்கா."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "எழுத்துல குடுங்க. விசாரணைக்கு அப்படியே அனுப்பறேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

அடைத்துப்போன ஃபில்டரை நாங்களே சோதிக்கக்கூடாதாம். சரிதான். பக்கத்துக் கூடத்துக்குப் போகிறது. அதாவது கரியின் கைக்கு. உள்ளே இருப்பது சோப்பு என்றால் செப்டம்பருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அவன் ஜெயித்தான்.

நடைவழியில் மடக்கினேன். "உனக்கு நல்ல காலம்."

"தெரியும். அதான் கையக் கழுவிட்டுத் தொடறேன்" என்றான். சிரிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் அக்கா காய் நறுக்கினாள். நான் பாத்திரம் கழுவினேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை. அவள் பார்த்தாள். "குழாய மூடு, தண்ணி தீந்துடும்."

ஜூன் 24, செவ்வாய்

மதியம் கரி கூப்பிட்டான். "வா. நான் சொன்னா நம்ப மாட்ட. நீயே பாரு."

பீங்கான் கிண்ணம். ஃபில்டரில் இருந்த அழுக்கைச் சுரண்டி உலையில் எரித்திருக்கிறான். சோப்பாக இருந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்ச வேண்டும். கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை சிவப்புத் துரு. அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்து வைத்திருந்த மாதிரிப் புட்டியையும் சோதித்துவிட்டான். சோப்பு வரம்புக்குள் இருக்கிறது. மயிரிழையில்.

"அப்ப இது என்ன?"

"பழைய டீசலோட பிசின். பதினேழு வருஷமா டேங்க் சுவத்துல ஒட்டிக் கிடந்திருக்கு. உன் எண்ணெய் போய் மொத்தத்தையும் கரைச்சு, கொண்டு வந்து ஃபில்டர்ல சேத்திருக்கு." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். "நீ விட்ட மூணாவது அலசல அது வண்டியில போய் பண்ணியிருக்கு."

தாவர எண்ணெய் எரிபொருள் பழைய படிவைக் கரைக்கும். எனக்குத் தெரியாததா? தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றச் சொல்ல வேண்டும். டிப்போவுக்குக் கொடுத்த குறிப்புத் தாளில் அந்த வரி இல்லை. தாளை எழுதியது நான். எங்கள் சோதனை என்ஜின் புதியது, தொட்டி புதியது, குழாய் புதியது. வண்டிக்கு என்ன வயது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, தப்பு என்னுடையதுதான். வேறு தப்பு. அதற்குப் போய் இப்படி நிம்மதி வருமா? வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கரி பக்கத்தில் நின்று தொலைபேசியைப் பார்ப்பதுபோல் நடித்தான். திரை அணைந்திருந்தது.

ஜூலை 2, புதன்

விசாரணை முடிந்தது. எச்சரிக்கை விளக்கின் பல்பு எப்போதோ போயிருக்கிறது. மாற்றச் சொல்லி மார்ச்சிலேயே அக்கா எழுதிக் கொடுத்த சீட்டும் கிடைத்தது. நாளை முதல் அவள் மறுபடி வண்டி ஓட்டலாம்.

எனக்கு: ஆறு மாதம் தனியாகக் கையெழுத்திட முடியாது. ஒவ்வோர் அலசலையும் இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும்.

"உனக்கு ஆறு மாசம் வாட்ச்மேனா? பரவால்ல, எனக்கு ரெண்டு வாரம்தான்" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள்.

ஜூலை 11, வெள்ளி

மூன்று அலசல். மூன்றாவது தண்ணீரும் இரண்டாவது மாதிரியேதான் வந்தது. இருந்தாலும் அலசினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

குழுவின் முடிவு. என் எண்ணெய்க்கு மூன்று டிப்போ. கிடைக்கிற பழைய எண்ணெய் அதற்குத்தான் போதும் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். 'முழு' என்ற சொல்லை அடித்துவிட்டிருந்தேன். கரியின் உலையை மூடவில்லை. ஆனால் நிலக்கரி வேண்டாமாம், அதன் தண்ணீர்ச் செலவும் புகையும் கட்டுபடியாகாது. உமியும் வைக்கோலும் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"இனிமே என்னை உமின்னு கூப்பிடுவீங்களா?"

"பழகிடும்" என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேலைக்குப் பதினான்காம் எண் பேருந்தில் போனேன். கூட்டம். நின்றுகொண்டுதான். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் கியர் மாற்றினாள். மேம்பாலத்து ஏற்றத்தில் என்னை அறியாமல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

இருக்கையில் இருந்த ஒரு வயதான பெண்மணி என் முழங்கையைத் தட்டினார். "இந்த வண்டிக்குப் புதுசாம்மா? பயப்படாத. இந்தப் பொண்ணு நல்லா ஓட்டும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.