பன்னிரண்டு கண்டல் இலைகள்

என் பழைய கூட்டாளிக்கு,

ஸலாம். நான் சுகம்தான், நீ அதைக் கேட்கவில்லை.

"கண்டல் மரங்களப் பத்திப் படிக்க நல்ல புத்தகம், வெப்சைட் ஏதும் தெரியுமா புள்ள? அடுத்த கிழம ஆய்வக் குடுக்கணும்" என்று ஏழு வருடங்களுக்குப் பிறகு குரல்பதிவு அனுப்பியிருந்தாய். கம்பஸ் நூலகத்தில் இருந்துகொண்டு, ஆலங்குடாவில் கருவாடு காயவைக்கிறவளிடம் கேட்கிறாய்.

எனக்குத் தெரிந்த நல்ல புத்தகம் ஒன்றுதான். கண்டல் வளரும் உப்புக் களப்புச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, ஒவ்வொரு இலையாகப் பார்த்து நான் வரைந்த கொப்பி. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதை இரவல் வாங்கினாய். "வல்லாஹி, பஸ்ஸில தொலஞ்சிட்டுடி" என்று சத்தியம் செய்து அழுதாய். பிறகு நீ கம்பஸ் போனாய். நான் போகவில்லை.

அதற்காக உதவாமல் இருப்பேனா? பன்னிரண்டு கண்டல் இலைகளைப் பறித்து, பத்திரிகைத் தாளில் அழுத்திக் காயவைத்து, பெயரும் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் ஆய்வில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்று இலைகளுக்கு மட்டும் வேண்டுமென்றே பிழையான பெயர் எழுதியிருக்கிறேன். எந்த மூன்று என்று சொல்லமாட்டேன். சரியான பெயர்கள் அந்தக் கொப்பியில் இருக்கின்றன.

அன்று நீ செய்த சத்தியம் பொய்யாக இருக்கட்டும் என்று இன்றிரவு அல்லாஹ்விடம் துஆக் கேள்.

இப்படிக்கு,
கொப்பிக்குச் சொந்தக்காரி