அலசாத பாவாடை

அன்பு மகள் நிக்காசியாவுக்கு,

உன் அப்பா ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீ அங்கே மிலானில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எனக்குப் போதும். போனில் நீ அழுத அழுகையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பேசினால் காற்றும் விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மாவை நல்லபடியாக அடக்கம் செய்தோம் தாயி, ஊரே வந்தது, மெல்லக் கோக்கா இலைக்கும் குடிக்கச் சோளக்கள்ளுக்கும் குறை வைக்கவில்லை. அதற்குப் பிறகு விழுந்த ஆலங்கட்டி மழையில்தான் மேல்காட்டு உருளைக்கிழங்குச் செடியெல்லாம் படுத்துவிட்டது, எல்லார் காட்டிலும் அதே கதி.

ஊருக்கு என்மேல் கோபம். ஐந்தாம் நாள் உன் சித்தி பெனிதாவும் மற்றவர்களும் அம்மா துணிகளை ஆற்றுக்கு எடுத்துப்போய் அலசினார்கள், கடைசித் துணியும் அலசினால்தானே அவள் உயிர் தண்ணீரோடு புறப்படும், அந்தச் சிவப்புக் கம்பளிப் பாவாடையை மட்டும் நான் படுக்கும் ஆட்டுத்தோலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். முகம் பார்க்கத்தான் உனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவள் வீட்டில் இருக்கும்போதாவது நீ வந்துவிடமாட்டாயா என்று ஒரு நப்பாசை. பெனிதா கண்டுபிடித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து, "அக்காவ இப்படிப் புடிச்சு வைக்காதீங்க அத்தான், இந்தக் குளிர்ல வாசலுக்கும் ஆத்துக்கும் நடந்துக்கிட்டே இருக்கும், பாவம்" என்றாள். போகவேண்டிய உயிரை நான் பிடித்துவைத்ததால்தான் ஆலங்கட்டி விழுந்தது என்கிறார் ஊர்த்தலைவர் சிப்ரியானோ, பாவாடையை எடுத்துவரச் சொல்லி இரண்டு தரம் வாசலில் வந்து நின்றார். அவர் பேசிவிட்டுப் போகட்டும், பெனிதா சொன்னதுதான் என்னை அரிக்கிறது. கதவு அசைந்தால் அவள்தானோ என்று பார்க்கிறேன், பார்த்தால் மனசுக்குச் சந்தோஷமாக வேறு இருக்கிறது, அவளை அலையவிட்டு நான் சந்தோஷப்படுகிறேன் பார்.

உனக்கு இன்னும் குடியிருப்புக் காகிதம் வரவில்லை, இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அவளும் யாருக்கோ தாய்தானே. வருவாய் என்றால் காத்திருக்கிறேன், யார் என்ன சொன்னாலும் சரி. வரமுடியாது என்றால் என் மனசு நோகும் என்று மழுப்பாதே. நானே ஆற்றுக்கு எடுத்துப்போய் அவளை அனுப்பிவிடுகிறேன்.

நம் மலைகள் உன்னைக் காக்கட்டும், நீ நன்றாக இரு. நெஞ்சுக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போனோடு மேட்டில் நிற்பேன், மறந்துவிடாதே. வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா லியாந்த்ரோ