யாரும் முதலில் வராத ஓட்டம்

அன்புள்ள முனிராஜு,

பனியன் மஞ்சள் நிறம் என்று முடிவாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து கேன்டீனில் கூடிய விழாக் குழு, நீலமா மஞ்சளா என்று ஆழ்ந்து விவாதித்து, இரண்டு முறை டீ குடித்து, ஒருமனதாக இந்த முடிவுக்கு வந்தது. மஞ்சள் சீக்கிரம் அழுக்காகும் என்று பெயிண்ட் ஷாப் ஆட்கள் சொன்ன கருத்து, உரிய மரியாதையுடன் கேட்டுக்கொள்ளப்பட்டது.

எதற்குப் பனியன் என்று கேட்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது அல்லவா? ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு உண்டு. ஆமாம், உன் நினைவாகத்தான்.

உன்னை அறியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் ஓசூர் ஃபாக்டரி ஆட்கள் சிலரை ஜவளகிரி பஸ்ஸில் ஏற்றி, காட்டோரம் இறக்கி, வண்டித் தடத்தில் ஓடவிட்டவன் நீ. திருநெல்வேலியிலிருந்து வந்து, ஸ்டோர்ஸில் உட்கார்ந்தே தொந்தி வளர்த்த என்னையும் விடவில்லை. முதல் நாள் நான் எடுத்த எடுப்பில் பாய்ந்து ஓடி, முதல் திருப்பத்திலேயே ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன குரு, பின்னாடி போலீஸ் வருதா?" என்றாய். உனக்கு எல்லோருமே குருதான். "பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். நாம வர்றது யானைக்கும் தெரியணும் இல்ல?"

மூச்சுக்கும் யானைக்கும் ஒரே மருந்து என்று அன்றுதான் தெரிந்தது. மற்றபடி பாடம் என்று பெரிதாக ஏதுமில்லை. மேடு வந்தால் நடக்கலாம், அதில் வெட்கமில்லை. காலடியைப் பார்க்காமல் கொஞ்சம் முன்னால் பார்க்க வேண்டும். தடம் பிரியும் இடத்தில் எல்லோரும் வரும்வரை நிற்க வேண்டும். சாதாரண கான்வாஸ் ஷூ போதும். இருப்பதிலேயே மெதுவாக ஓடுகிறவன் எவனோ, அவன்தான் முன்னால் ஓட வேண்டும். யாரும் அவனைத் தாண்டக் கூடாது.

அது எனக்காகவே போட்ட விதி என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிரேயரில்கூட முன்வரிசையில் நிற்காத நான், உன் தயவில் இத்தனை வருஷம் முதல் ஆளாக ஓடினேன். ஊரில் எனக்கிருந்த செல்வாக்கைப் பற்றி நான் விட்ட புளுகையெல்லாம் கேட்டுக்கொண்டு, காடே அதிரச் சிரித்தபடி ஒரு கூட்டம் பின்னால் வந்தது. யானைகளும் கேட்டிருக்கும்.

இதையெல்லாம் விழாக் குழுவில் சொல்லிப் பார்த்தேன். நம் சூப்பர்வைசர் கோவிந்தப்பாதான் தலைவர்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கன்னா எதுக்கு சார் ஓடறது?"

"சும்மாதான்."

"லீவு நாள்ல சும்மா ஓடறதுக்கு எவன் சார் எந்திரிப்பான்?"

"நீங்களே இத்தனை வருஷம் எந்திரிச்சு வந்தீங்களே?"

"அது முனிராஜு கூப்பிட்டான், வந்தேன்."

இதற்கு ஒரு பதிலை நீயாவது யோசித்து வைத்திருந்தாயா?

காட்டுத் தடத்தை ஒழுங்காக அளக்க முடியாதாம். ஆகவே பந்தயம் ஃபாக்டரி வாசலிலிருந்து ஜூஜுவாடி வரை, ஹைவேயில், லாரிகளோடு. கடைசி நம்பிக்கையாக உன் வீட்டுக்குப் போனேன். சாவித்திரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குழு கலைந்துவிடும்.

"இத்தனை வருஷம் ஓடினாரேண்ணா, வீட்டுக்கு ஒரு கப்பு வந்துச்சா?" என்று கேட்டது உன் மனைவி. "அப்படி எங்கதான் ஓடினாரு, எதுல ஜெயிச்சாருன்னு பக்கத்து வீட்ல கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது? அவர் பேர் போட்ட கப்பை யாராவது ஒருத்தர் தூக்கிக்கிட்டுப் போகட்டும். அதையாவது பாத்துக்கறேன்."

காபி கொடுத்தது. குடித்துவிட்டு வந்தேன். நீயாக இருந்தாலும் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பாய்.

இப்போது ஞாயிறுதோறும் நம் ஆட்கள் ஹைவேயில் பயிற்சி எடுக்கிறார்கள். கோவிந்தப்பா ஸ்டாப்வாட்ச் வாங்கிவிட்டார். ஒருவரும் பேசுவதில்லை. நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டு ஓடி நான் பார்த்ததே இல்லை. அடக்கத்துக்குப் போகிறவர்கள் அவசரப்படுவதுபோல் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிலர் ஆசையாக வந்து, முதல் வாரமே கடைசி ஆட்களாக ஓடி முடித்து, மறுவாரம் வரவில்லை. என்னையும் கைவிடவில்லை. ஜூஜுவாடியில் முடிவுக் கோட்டில் கயிறு பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

சாவித்திரிக்காக அன்று கயிறு பிடிப்பேன். ஆனால் மற்ற ஞாயிறுகளில், ஒருவர் வராவிட்டாலும், உன் ஓட்டத்தை ஓடிக்கொண்டிருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

போன ஞாயிறு ஜவளகிரி பஸ்ஸில் நான் மட்டும் போனேன். யானை நடமாட்டம் இருக்கிறது, தனி ஆளை உள்ளே விட முடியாது என்று ஃபாரஸ்ட் வாட்ச்சர் சொன்னார். அதே பஸ் திரும்பும்போது ஏறி ஓசூர் வந்து சேர்ந்தேன்.

சாவித்திரி அண்ணா என்று கூப்பிடும் வகையில்,
உன் மச்சான்,
சங்கரலிங்கம்