விரிப்பின் ஓரத்தில் கெட்டில்

மாஸ்கோ
2 நவம்பர் 2003

என் அன்பு மதினி சனவ்பருக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன். ரயிலில் நம் கிஷ்லாக் கிராமத்துக்கு வரும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் தரை துடைக்கும் மருத்துவமனையில் என்னைக் குழந்தைகளின் தீப்புண் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று ஒரு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். கொதிக்கிற சூப் கொட்டியிருந்தது. அவன் அம்மா அழக்கூட இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடினால் என் பிள்ளை நிகினாதான் நிற்கிறாள். அவள் ஓடத் தொடங்கிவிட்டாள், உங்கள் தம்பிக்கோ கண்ணிவெடி விட்டுவைத்தது ஒரே கால். எப்படிப் பிடிப்பார்?

நீங்கள் பாடப் படங்கள் வரைந்த தாள் சுருளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் அடிபடாமல், சுடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தருகிறீர்களாமே. ஊரையே திருத்துகிறவருக்குச் சொந்தத் தம்பி வீட்டுக்கு வழி தெரியவில்லையா? அக்காவாகப் போனால் சிரித்து மழுப்பிவிடுவார். பாடம் சொல்கிறவராக முறையாகப் போங்கள், மதினி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மோஹிரா

*

கிஷ்லாக் வீடு
21 நவம்பர் 2003

அன்புள்ள மோஹிரா,

முதலில் இதைப் படி: நிகினா உயிரோடு இருக்கிறாள். நன்றாக மூச்சு விடுகிறாள், ரொட்டி தின்கிறாள்.

போன வியாழக்கிழமை தேநீர் கெட்டில் கவிழ்ந்து, இடது கையிலும் மார்பிலும் பட்டுவிட்டது. தம்பி தவ்ரோன் அதைத் தரையில் போட்ட சாப்பாட்டு விரிப்பின் ஓரத்தில் வைத்திருந்தான். புண்ணில் ஆட்டு வால் கொழுப்பைத் தடவ ஓடிவந்தவனைத் தள்ளிவிட்டு, நான் கால் மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் ஆழமாகப் போகவில்லை என்று மாவட்ட மருத்துவர் சொன்னார். முகத்தில் ஒரு சொட்டும் படவில்லை.

பயப்படாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நானே இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சனவ்பர்

*

மாஸ்கோ
3 டிசம்பர் 2003

மதினி,

மூன்று முறை படித்தேன். "உயிரோடு இருக்கிறாள்" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அப்படி எழுத வேண்டிய நிலை வந்ததே!

விரல்கள் மடங்குகின்றனவா? காய்ச்சல் உண்டா? இங்கே மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கடிதம் வந்து சேர்வதற்குள் அங்கே என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே துடைத்த தரையையே திரும்பத் துடைக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். ஒரு கெட்டிலைத் தள்ளி வைக்கத் தெரியாதவரோடு இனி நான் வாழ மாட்டேன். ஜனவரியில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவேன். அறையில் பதினோரு பேர் படுக்கிறோம், மின்னடுப்பு தரையில்தான் இருக்கிறது. இருக்கட்டும். என் கண் முன்னால் இருப்பாள்.

மோஹிரா

*

கிஷ்லாக் வீடு
16 டிசம்பர் 2003

மோஹிரா,

விரல்கள் மடங்குகின்றன. காய்ச்சல் இல்லை. புண் ஆறி, புதுத்தோல் வருகிறது.

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன்.

நீ சொன்னபடியே முறையாகப் போனேன். அதுதான் வினையாயிற்று. அக்காவாகப் போயிருந்தால் அடுப்படியில் நின்றே பேசியிருப்பேன். பாடம் சொல்ல வந்தவள் என்றதும் தவ்ரோன் விருந்தாளிக்குப் போல மெத்தை போட்டு, விரிப்பு விரித்து, கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்தான்.

"டீ வேண்டாம்டா, பிள்ளை நடமாடுது, தரையில சூடா எதுவும் வைக்காதேன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"அது சரி! மாஸ்கோக்காரி காதுல விழுந்தா என்ன ஆகும்? அக்கா வந்தும் பச்சைத் தண்ணி கூடக் குடுக்கலைன்னு என்னை உரிச்சுடுவா. குடி அக்கா, குடிச்சிட்டுத் திட்டு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். இருபத்தாறு வீடுகளில் இப்படித்தான் குடித்திருக்கிறேன், மோஹிரா. டீயை மறுத்தால் முகம் வாடிவிடுவார்கள் என்று ஒரு வீட்டிலும் மறுத்ததில்லை. அவன் கெட்டிலை விரிப்பின் நடுவில்தான் வைத்தான். நம் வழக்கப்படி டீயை மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றிக் கெட்டிலிலேயே திருப்பிவிட்டு, ஓரத்தில் என் முழங்காலருகே இழுத்து வைத்தவள் நான். பிறகு படச்சுருளை விரித்தேன். வண்ணப் படத்தைப் பார்த்ததும் நிகினா ஓடிவந்தாள்.

அவள் எடுத்து வைத்த கால் விரிப்பில் சிக்கியது.

"நான் வச்சேன்னு எழுதுக்கா. உன் பேரு போச்சுன்னா எந்த வீட்டுலயும் உன் பேச்சைக் கேக்க மாட்டாங்க. என்னை அவ திட்டுவா, அப்புறம் சரியாயிடுவா" என்றான் தவ்ரோன். எனக்கும் அது வசதியாக இருந்தது. உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தேன், அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது.

அவனை விட்டுவிடாதே. விட வேண்டுமானால் என்னை விட்டுவிடு.

சனவ்பர்

*

மாஸ்கோ
29 டிசம்பர் 2003

மதினி,

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்று எழுதினால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். உங்கள் தம்பியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

வார்டில் ஒரு செவிலியிடம் உங்கள் கடிதத்தைச் சொன்னேன். "தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டாள். கெட்டிலை ஓரத்தில் வைத்த அதே ஆள்தான் என்றேன். இங்கே வருகிற பாதிப் பிள்ளைகள் மேல் எண்ணெயும் முட்டையும் பூசிக் கொண்டுவருகிறார்களாம். அவர்களுக்கும் உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் தழும்பு இவ்வளவு இருக்காது என்றாள்.

ஜனவரியில் நான் வரவில்லை. பதினோரு பேர் படுக்கும் அறைக்கு அவளைக் கொண்டுவர நினைத்தது பயத்தில் எழுந்த புத்தி. நீங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்குக் குடிவந்துவிடுங்கள். வாசல் பக்கத்து அறை காலியாகத்தான் கிடக்கிறது. இந்த உலகத்தில் நிகினாவை நினைத்து என்னளவுக்கு நடுங்குகிறவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். வேறு யாரிடமும் அவளை விட எனக்குத் துணிவில்லை.

இருபத்தேழாவது வீட்டுக்கும் போங்கள். டீ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், யார் வைத்த கெட்டில் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. வாரம் ஒரு கடிதம் போடுங்கள்.

மோஹிரா