ஜெறோமைக் கொடுத்து இடக்கைக்காரனை எடுப்பது

9 மே 1996, வியாழன்

பாலைவனத்துச் சிரொக்கோ காற்று. வாயெல்லாம் மண். இத்தாலியில் வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் லீவு, ஆகவே மட்ச். ஃபவோரீத்தா பூங்கா, மொரீசியஸ்காரரோடு. 31 ஓட்டத்தால் தோல்வி.

ஜெறோம் மறுபடியும் பூச்சியம். கடைசி நான்கு மட்ச்: 0, 4, 1, 0. மன்னாரில் பள்ளிக்கூட ரீமுக்கு ஆரம்ப ஆட்டக்காரன். போன வருசம் பந்தை மரத்துக்கு மேலால் அடித்தவன். இப்போது சும்மா நிற்கிறான், பந்து வந்து விக்கெட்டைத் தட்டிவிட்டுப் போகிறது.

முடிந்ததும் பிளாஸ்க் தேத்தண்ணீரோடு சண்டை. ரஞ்சன் (ஸ்ஃபெர்ராகவால்லோ மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன், குரல் மட்டும் முதலாளிக் குரல்):

“அண்ணை, நீங்கள்தானே கப்டன். ஜெறோமை அவங்களுக்குக் குடுத்திட்டு அந்த இடக்கைப் பந்துக்காரனை எடுப்பம். முர்கேன் போன மாசமே கேட்டவன்.”

முர்கேன் அவர்களுடைய கப்டன். கெட்டிக்காரன். ஒன்றுக்கும் உதவாத ஒருவனை அவன் ஏன் கேட்க வேண்டும்? யோசிக்க வேண்டிய விஷயம்.

சோப்பு, வெங்காயம், போன் கார்ட் வாங்க மறந்தேன்.

10 மே, வெள்ளி

காற்று விட்டது. வியா மக்வேதா தெருவில் துணிக்கடை வாசலில் ஜெ.யும் முர்கேனும்! என்னைக் கண்டதும் ஜெ. வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டான்.

“என்னடா இஞ்சை?”

“ஒண்டுமில்லை அண்ணை, சும்மா கதைச்சுக்கொண்டு நிண்டனாங்கள்.”

சும்மாவாம். எனக்கே காதில் பூச்சுற்றுகிறான்.

என்னிடம் இருப்பவை:
— போன மாதம் முர்கேன் ஜெ.யைக் கேட்கிறான்.
— அதே மாதத்திலிருந்து ஜெ. அடிப்பதில்லை.
— புதுச் சப்பாத்து.
— ஒவ்வொரு வியாழனும் மட்ச்சுக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வருகிறான்.

வேண்டுமென்றே அவுட் ஆகிறான். தன்னை நாங்களாகவே தள்ளிவிட வைக்கிறான். அங்கே போனதும் வெளுத்து வாங்குவான், பார்.

12 மே, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் பெரிய மாநாடு. பங்குச் சுவாமி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். ரஞ்சனின் மனைவி, “அவர் முந்தி இப்பிடியே? நாவூறுதான், ஆற்றையோ கண் பட்டிட்டுது” என்றாள். ஒருவர் காலைக் குறை சொன்னார், ஒருவர் துடுப்பை. கை உயர்த்தினோம். கொடுப்பதற்கு எட்டு, வேண்டாமென்று மூன்று. ஜெ. தலையை ஆட்டினான். கவலைப்பட்ட மாதிரியே இல்லை!

வரும் வழியில் என் மனைவி மேரி: “ஒருக்கா அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்.”

கேட்டால் உடனே சொல்லிவிடுவானாக்கும்.

13 மே, திங்கள்

லிபெர்த்தா தெருவில் என் வேலைவீடு. பதினொரு ஜன்னல் துடைத்தேன். முதுகு போயிற்று.

ஜெ. வேலை செய்யும் வீடு என் சின்யோராவின் (வீட்டு எசமானியின்) அக்கா வீடு. அவர்களுடைய படுக்கைக் கிழவரை அவன்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறான். அந்த வேலை என் வாயால் கிடைத்தது. இங்கே எங்களுக்கு எல்லா வேலையும் அப்படித்தான், ஒருவர் சொல்லி ஒருவருக்கு.

சின்யோரா கோப்பி குடிக்கும்போது மெல்லக் கேட்டேன். வியாழனில் ஜெ. எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறான், ஒழுங்காக இருக்கிறானா. அவ்வளவுதான்.

“ஏன் கேட்கிறாய், அந்தோனியோ?”

“ஒன்றுமில்லை, சின்யோரா.”

அவள் அப்போதே அக்காவுக்குப் போன் எடுத்தாள். இரண்டு மணிக்கே வெளிக்கிடுகிறானாம். மட்ச் மூன்றரைக்கு. இவன் வருவது நாலேகாலுக்கு. அகப்பட்டான்!

16 மே, வியாழன்

மழை. மட்ச் இல்லை. ஜெ. வரவில்லை. முர்கேன் இடக்கைக்காரனோடு வந்தான், கை குலுக்கி முடிக்க. எங்களுக்குள் இத்தாலிய மொழிதான்.

நேரே கேட்டேன்: “எத்தனை கிழமையாக அவன் உங்களோடு பயிற்சி செய்கிறான்?”

முர்கேன் முழித்தான். “பயிற்சியா? அவனால் துடுப்பையே பிடிக்க முடியாதே.”

ஏப்ரலில் கிழவரைத் தூக்கும்போது குளியலறையில் சறுக்கி, வலது மணிக்கட்டு போய்விட்டதாம். வியாழன்தோறும் முர்கேனின் மனைவிதான் எண்ணெய் போட்டுக் கட்டுகிறாள். தூக்க முடியாதென்று தெரிந்தால் வேலை போகும். வேலை இல்லாமல் பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி) புதுப்பிக்க முடியாது.

“உங்கள் ஆட்களுக்குச் சொல்லாதே என்றான். நீங்களெல்லாம் ஒரே குடும்பத்து வீடுகளில் வேலை செய்கிறீர்கள். ஒரு வாயில் விழுந்தால் சின்யோராவின் காதுக்குப் போய்விடும். உங்கள் ரீமில் விளையாடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பீர்கள். எங்களிடம் வந்தால் கை சுகமாகும்வரை, ஓகஸ்ட் மட்டும், உட்கார வைப்பேன்.”

கை குலுக்கினேன். திங்கட்கிழமை நான் வாயைத் திறந்தேனே, கடவுளே.

19 மே, ஞாயிறு

வெயில். ஜெ. உடுப்புப் பையோடு வாசலில். வெள்ளிக்கிழமை வேலை போய்விட்டது.

“செவ்வாயிலையிருந்து எங்கடை வீட்டுச் சின்யோரா குளியலறை வாசலிலையே நிண்டவ அண்ணை. ஒரு கையாலை தூக்கிறதைக் கண்டிட்டா. ஆரோ போட்டுக் குடுத்திருக்கினம்.”

“ஆர் எண்டு நினைக்கிறாய்?” என்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

“ரஞ்சன்தான். வேறை ஆர்? நீங்கள்தானே அண்ணை வேலை எடுத்துத் தந்தனீங்கள், நீங்கள் ஒருக்கா அவையோடை கதையுங்கோ. பெர்மெஸ்ஸோ வாற மாசம் முடியுது.”

ரஞ்சன் இல்லை என்று நான் சொல்லவில்லை. “பார்ப்பம்” என்றேன். மேரி சோறு போட்டாள். அவன் கரண்டி கேட்டான். எங்கள் வீட்டு அறையிலேயே படுக்கச் சொன்னோம்.

20 மே, திங்கள்

ஜெ.க்காகக் கதைக்கத்தான் போனேன். நான் வாய் திறக்க முன்னமே சின்யோரா: “நீ நல்லவேளையாக எச்சரித்தாய், அந்தோனியோ. அக்கா நன்றி சொல்லச் சொன்னாள். இடம் காலியாக இருக்கிறது, உன் மனைவியை அனுப்பு.”

எச்சரித்தேனாம். வேலை எடுத்துக் கொடுத்தவனே வந்து விசாரித்தால் வேறென்ன நினைப்பாள்? அவன் நல்லவன், கை சுகமாகிவிடும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மேரி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தினாள்.

“இந்த வேலைக்காகத்தானோ கேட்டனீங்கள்?”

“சத்தியமாய் இல்லை மேரி. சந்தேகத்திலைதான்...”

“நீங்கள் ஆரையாவது நம்பினனீங்களோ, நான் உங்களை நம்ப?”

இதை எழுதத் தொடங்கினேன். அவள் முன்னால் வந்து நிற்கிறாள்.

“ஜெறோம் ரஞ்சன் வீட்டை சண்டைக்குப் போகப்போறானாம், சப்பாத்துப் போடுறான். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

ஒரு நிமிடம் என்றேன். அவள் நிற்கவில்லை. ஜெ.யின் அறைக் கதவைத் தட்டுகிறாள்.