பம்பிங் நன்றாகத்தான் இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எப்படிக் கூசாமல் எழுதுகிறாள் இவள் என்று நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. கடித்துக்கொள். நான் நலமாக இருக்கிறேன், இந்த மாதக் கடைசியில் என் நெஞ்சில், இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து அடக்குகிற அந்தக் கருவியை வைக்கப் போகிறார்கள், இரண்டுமே உண்மை. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து இன்டர்நெட்டில் படித்ததையெல்லாம் என் தலையில் கொட்டுவாய். கடிதமென்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

நம் பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நான் விழுந்த அன்று, சூடு தாங்காமல் மயங்கிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சூட்டில் நிற்கிறவளுக்கு அன்றைக்கு மட்டும் என்ன புதுச் சூடு என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எக்கோ எடுத்தார்கள், இதயத்தின் பம்பிங் நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்பா அப்போதே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த டாக்டரம்மாதான் விடவில்லை. எக்ஸ்ரேயில் மார்புக்குள் நெறிகட்டி வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "தலை சுத்தி, கண்ணு இருட்டி விழுந்தீங்களா, இல்ல சுவிட்ச் அணைச்ச மாதிரி விழுந்தீங்களா" என்று குடைந்து குடைந்து கேட்டார். சுவிட்ச் அணைத்த மாதிரிதான். அதன் பிறகு எம்ஆர்ஐ எடுத்ததில் இதயத் தசைக்குள்ளேயே தழும்பு இருப்பது தெரிந்தது. சார்காய்டோசிஸ் என்று பெயர். காரணமே தெரியாமல் உடம்புக்குள் அங்கங்கே அழற்சி வந்து சின்னச் சின்னக் கட்டியாகத் திரளுமாம், எனக்கு அது இதயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு.

அழற்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுத்தார்களே, அது ஏன் இரண்டு தடவை என்று கேட்டாய், நான் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. முந்தின நாள் முழுக்க மாவு, இனிப்பு எதுவும் வாயில் படக்கூடாது என்றார்கள். பட்டால் நல்ல தசையும் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டு ஸ்கேனில் எல்லா இடமும் ஒளிரும், எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க முடியாதாம். நானும் முட்டையும் இறைச்சியுமாகத் தின்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் ஒரு கேக் ஆர்டர் இருந்தது. போய் நின்றால் ஸ்கேன் மொத்தமும் பாழ். "சத்தியமா ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்று நான் அடித்துச் சொல்ல, அப்பா பக்கத்திலிருந்து, "நேத்து க்ரீம் அடிச்சியே, ருசி பார்க்காமலா அடிச்ச" என்றார். அந்த மனிதருக்கு எப்போதாவதுதான் மூளை வேலை செய்யும், அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. நாள் முழுக்க விரல் கிண்ணத்துக்கும் நாக்குக்கும் போய்வந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. அடுத்த தடவை கடையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஸ்கேன் தெளிவாக வந்தது. அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அதற்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, முகம்தான் பன் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. மாத்திரை அழற்சியை அடக்கும், ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது.

இனி உன் வாதத்துக்கு வருகிறேன். பம்பிங் நன்றாக இருக்கும்போது எதற்கம்மா நெஞ்சைக் கிழிக்க வேண்டும் என்கிறாய். மாமா ஒரு படி மேலே போய், "நெஞ்சுக்குள்ள பாம் வச்சுக்கப் போறியாக்கா" என்றான். மேல்நிறம் பொன்னாக இருக்கிறது என்று பார்த்து நான் என்றைக்காவது ரொட்டியை வெளியே அனுப்பியதுண்டா? கவிழ்த்து, அடியில் தட்டி, சத்தம் கேட்ட பிறகுதானே அனுப்புவேன். டாக்டரம்மாவும் அதைத்தான் செய்தார். தழும்பைச் சுற்றி இதயத்தின் மின்சாரம் வழிதவறிச் சுழலலாம், பம்பிங் நன்றாக இருக்கிறவர்களுக்கும் அப்படி ஆகித் திடீரென்று உயிர் போயிருக்கிறது என்றார். தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக வயரை விட்டு, வேண்டுமென்றே இதயத்தைச் சீண்டிப் பார்த்தார்கள். அது தறிகெட்டு ஓடியது. கையோடு அடக்கிவிட்டார்கள். "இங்க ஓடிச்சு, நாங்க இருந்தோம். அடுப்புகிட்ட ஓடினா யாரு இருப்பாங்க?" என்று கேட்டார். எத்தனை சதவீதம் ஆபத்து என்று கேட்டதற்கு, "ஒரே ஒரு எண்ணைச் சொல்லி ஏமாத்த மாட்டேம்மா. தழும்பு, நீங்க விழுந்த விதம், இந்த டெஸ்ட், மூணையும் சேர்த்துப் பார்த்தா, என் அக்காவா இருந்தா வச்சிடுவேன்" என்றார். அந்த இடத்தில் முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை, அப்பாவைக்கூட. அவர் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மாவு பிசையக் கற்றுக்கொடு என்றார்.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். கருவி ஷாக் கொடுத்தால் நெஞ்சில் உதைத்த மாதிரி இருக்குமாம். உதைக்கட்டும், நீ வயிற்றுக்குள் உதைக்காத உதையா. கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, அதனால் பிசைகிற வேலை அப்பாவுக்கு. நேற்று அவர் பிசைந்த மாவில் ரொட்டி சுட்டோம், செங்கல் தேவைப்பட்டால் சொல், அனுப்பிவைக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறேன் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். லீவு கிடைக்கும்போது வா, சிரித்துக்கொண்டு வா.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று, மறக்காதே. கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் கூப்பிட்டு "என்னம்மா, வேலையா" என்று கேட்கிறாய், நான் "ஆமாண்டா" என்றதும் வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் நான் பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுக்கிற பிள்ளை நீ. என் குரல் வருகிறதா என்றுதான் பார்க்கிறாய், எனக்குப் புரியாதா? குரலைக் கேட்டதும் நீ விடுகிற பெருமூச்சு இங்கே வரைக்கும் கேட்கிறது. விழுந்தவள் நான், தினமும் செத்துப் பிழைப்பது நீ. அதைச் சகிக்க முடியாமல்தான் அவ்வளவு சீக்கிரம் சரி என்றேன். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கிற வேலையை இனி நெஞ்சுக்குள் வைக்கிற அந்தப் பெட்டி பார்க்கட்டும். நீ என்னோடு சண்டை போடக் கூப்பிடு.

இப்படிக்கு,
சண்டைக்குத் தயாராக இருக்கும்
உன் அம்மா